ஸ்டென்ட் வைத்தவர் வயாகரா போடலாமா?

52 வயது, ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம், வயாகரா போடலாமா, டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அண்ணே, முதலில் உங்கள் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். சார்பிட்ரேட், ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின், நிகோராண்டில் என்று எந்தப் பெயர் இருந்தாலும் வயாகரா வகையைத் தொடவே கூடாது. வலி வந்தால் நாக்கடியில் வைக்கச் சட்டைப்பையில் வைத்திருப்பதும் கணக்குதான்.

மதுரை பெரியாஸ்பத்திரி பக்கம் மெடிக்கலில் 19 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர், நெஞ்சுவலிக்காரர். வேறெங்கோ சீட்டில்லாமல் சில்டெனாபில் (வயாகராவில் உள்ள மருந்து இதுதான்) வாங்கிப் போட்டிருக்கிறார். ராத்திரி நெஞ்சை அடைத்திருக்கிறது. மதினி பதறிப்போய் சார்பிட்ரேட்டை நாக்கடியில் வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டி, கண் சொருகி, ஆள் சரிந்துவிட்டார். 108 வந்து பிழைத்தார். அடுத்த மாதம் மருந்து வாங்க மதினிதான் வந்தார். "நான் வச்ச மாத்திரைதானே தம்பி அவரைச் சாய்ச்சுருச்சு?" என்றார். அவர்மேல் தப்பே இல்லை. மாதாமாதம் அந்த அட்டையை எடுத்துக்கொடுத்தவன் நான். ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. இன்னும் உறுத்துகிறது.

சார்பிட்ரேட் போன்ற, மேலே சொன்ன நைட்ரேட் வகை மருந்துகள் ரத்தக்குழாயை விரியவைக்கும். அந்த விரிவை அடக்க உடம்பில் ஒரு நொதி உண்டு. சில்டெனாபில் அதைத்தான் தடுக்கிறது. மதகைத் திறந்துவிட்டு, கதவையும் கழற்றிப் போட்ட மாதிரி. பிரஷர் கிடுகிடுவென இறங்கி, இதயத்துக்கே ரத்தம் போதாமல் போகும்.

சில்டெனாபில் போட்டால் 24 மணி நேரம், அதே வகையைச் சேர்ந்த டாடாலாபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கூடாது. அதற்குள் நெஞ்சு வலித்தால் 108-ஐக் கூப்பிட்டு, எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். நைட்ரேட் இல்லாமலும் வைத்தியம் உண்டு. உங்கள் வீட்டு மதினிக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

'மூலிகைதானே' என்று வாங்கும் ஆண்மை லேகியம், கேப்சூல்களிலும் சில்டெனாபிலை ரகசியமாகக் கலந்திருப்பது சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்கள் வயாகரா வகையைப் போட்டாலும் பிரஷர் இறங்கலாம்.

நைட்ரேட்டை நீங்களாக நிறுத்திவிட்டு வயாகராவைப் போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நைட்ரேட் தேவைப்படாத, இதயம் நல்ல நிலையில் இருக்கும் பலருக்கு டாக்டரே இதை எழுதித் தருகிறார். விறைப்புக் குறைக்கும் இதயக் குழாய் அடைப்புக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். அவருக்கு இது புதுக் கேள்வி இல்லை. வாய் வரவில்லை என்றால் துண்டுச் சீட்டில் எழுதி, பழைய மருந்துச் சீட்டோடு அவர் மேசையில் வையுங்கள். எங்கள் கடைக்கு வரும் இரண்டு பேர் அப்படித்தான் கேட்டார்கள்.