டிசைன் ப்ராஜெக்டில் மாணவர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைப்பது எப்படி?

இன்ஜினியரிங் மாணவர்கள் டிசைன் ப்ராஜெக்டில் குழுவாக வேலை செய்யப் பழக என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கைடாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நாலு பேர் சேர்ந்தால் ஒருவர் கோடிங், ஒருவர் பிபிடி, ஒருவர் ரிப்போர்ட், நாலாமவர் பங்குக் காசு கொடுப்பதோடு சரி. இதற்குச் சோம்பல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வேலையைப் பிரித்த விதம்தான் காரணம். பிபிடி போடுகிறவருக்கு சர்க்யூட் தெரிந்தாக வேண்டிய நிலையே வருவதில்லை.

அதனால் என் குழுக்களிடம் முதலில் ஒரு தாள் கேட்பேன். ஒருவருடைய பகுதி அடுத்தவருடையதோடு சேரும் இடத்தில் எத்தனை வோல்ட், என்ன அலகு, எந்த கனெக்டர் என்று அதில் எழுத வேண்டும். தடையைக் கண்டு விலகிப்போகும் ரோபோவையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் பார்ப்பவர் ஒலி அலையால் தூரம் அளக்கும் எச்.சி-எஸ்.ஆர்04 சென்சாரை வாங்குவார். அளந்ததைத் தெரிவிக்கும் அதன் எக்கோ பின் 5 வோல்ட் தரும். கன்ட்ரோலர் பார்ப்பவர் ஈஎஸ்பி32 என்ற கன்ட்ரோலர் போர்டை எடுத்திருப்பார். அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. நேராக இணைத்தால் போர்டு கெட்டுப்போகலாம். வோல்ட்டைக் குறைக்க நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டால் போதும். ஆனால் அது யார் வேலை? தாளில் எழுத உட்காரும்போதுதான் இந்தக் கேள்வி வருகிறது, இருவரும் பேச ஆரம்பிக்கிறார்கள்.

1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க்கு அருகே போய்த் தொலைந்ததற்கும், இப்படி இருவர் வேலை சேரும் ஓர் இடத்தில் நடந்த தவறுதான் காரணம். ஒரு குழுவின் மென்பொருள் உந்துதல் கணக்கைப் பவுண்டு-விசை நொடியில் தந்தது. வாங்கிய குழு அதை நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது.

அப்புறம் ரிவியூ. யார் எதைப் பேசுவது என்பதை மாணவர்களிடம் விடாதீர்கள். சென்சார் செய்தவரிடம், மோட்டாரை இயக்கும் சர்க்யூட்டான மோட்டார் டிரைவரைப் பற்றிக் கேளுங்கள். கேட்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; முந்தின நாள் ஹாஸ்டலில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான்.

சக மாணவர்களை மதிப்பிடச் சொல்வதும் நல்லது, ஆனால் கடைசியில் மட்டும் கேட்டால் பயனில்லை. பாதி வழியிலேயே, 'சொன்ன வேலையைச் சொன்ன நாளில் தந்தாரா' என்று வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இன்னொன்று. கையெழுத்து நன்றாக இருக்கும், பொறுமையாகச் செய்வார் என்று சொல்லி, குழுவில் இருக்கும் பெண்ணிடம் ரிப்போர்ட்டைத் தள்ளிவிடுகிறார்கள். வருடம் முடியும்வரை அவர் சால்டரிங் அயர்னைத் தொடுவதே இல்லை. கைடு தலையிட்டே ஆக வேண்டிய இடம் இது. ஒவ்வொரு ரிவியூவுக்கும் பொறுப்புகளை மாற்றிவிடுங்கள். ரிப்போர்ட்டை நாலு பேரும் எழுதட்டும், அதுவும் அடுத்தவர் செய்த பகுதியை.