அன்று நீங்கள் சிரித்தது தவறில்லை

கேள்வி: என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது பக்கம் முழுக்கச் செயலில்லை, பேச்சும் தெளிவாக வராது. எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பார்க்க வருகிறவர்களில் சிலர், "போன ஜென்மத்துக் கர்மா, அனுபவித்துத்தான் தீர்க்கணும்" என்கிறார்கள். சிலர், "கடவுள் தனக்குப் பிடித்தவர்களைத்தான் சோதிப்பார்" என்கிறார்கள். அவருக்காக வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருக்கிறேன். இப்போதெல்லாம் தலை சுற்றுகிறது. போன வாரம் மகள் போனில் பேத்தி செய்த குறும்பைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த அறையில் அவர் படுத்திருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. இரண்டு நாள் வந்து தங்கு என்று மகள் கூப்பிடுகிறாள், கொழுந்தனாரும் அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். போக மனசு வரவில்லை. துன்பத்தில்தான் கடவுள் கிட்டே வருகிறார் என்றால், நான் சந்தோஷப்படுவது அவரை விட்டு விலகிப் போவதாகுமா?

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புச் சகோதரி,

விரதத்தைப் பற்றிப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் கொஞ்சம் பொறுக்கும், தலைசுற்றல் பொறுக்காது. ஓர் ஆளைத் தூக்கி உட்கார வைத்து, புரட்டிப் படுக்க வைத்து, நடுராத்திரியில் எழுந்து பார்க்கும் உடம்பு உங்களுடையது. நாளைக்கே ஒரு டாக்டரிடம் போய் இந்தத் தலைசுற்றலைச் சொல்லுங்கள். விரதத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடவுளுக்குக் கொடுத்த வாக்காயிற்றே என்று தயங்குவீர்கள். கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில், உடம்பை வாட்டி வதைக்கும் கடுந்தவத்தைக் கண்ணன் கண்டிக்கிறார். அப்படிச் செய்கிறவர்கள் உடம்புக்குள் இருக்கும் என்னையும் சேர்த்தே வதைக்கிறார்கள் என்கிறார். அங்கே அவர் சொல்வது ஆணவத்தோடு தவம் செய்கிறவர்களை. உங்களிடம் இருப்பது ஆணவம் இல்லை, பயமும் பாசமும்தான். ஆனாலும் 'உள்ளே இருக்கும் என்னையும்' என்ற அந்தச் சொல் உங்களுக்கும் உரியது. 6-ஆம் அத்தியாயத்தில் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. அளவுக்கு மீறி உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாமலே இருப்பவனுக்கும் இல்லை. உணவு, உலாவல், உழைப்பு, உறக்கம், விழிப்பு எல்லாம் அளவோடு இருப்பவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்குவதாகிறது. துன்பத்தைப் போக்கும் வழியில் சாப்பாடும் தூக்கமும் சேர்ந்தே வருவதைப் பாருங்கள்.

சரி, இப்போது உங்களைப் பார்க்க வருகிறவர்கள் சொன்னதற்கு வருகிறேன்.

கர்மா என்பது நம் சமயத்தின் அடிப்படை நம்பிக்கை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கீதை, 4-ஆம் அத்தியாயத்தில், கர்மத்தின் போக்கு ஆழமானது, அறிவதற்கு அரியது என்கிறது. எந்த வினைக்கு எந்த விளைவு என்று படுக்கையில் கிடக்கும் ஒருவரைப் பார்த்துக் கணக்குச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. என் அடுத்த செயல் நல்லதாக இருக்கட்டும் என்று நான் என்னைத் திருத்திக்கொள்ளத்தான் அந்தக் கொள்கை. அடுத்தவரின் நோயைப் படித்துப் பார்க்கும் ஜாதகம் அல்ல.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, காரணம் உண்டு. என் அம்மா கடைசிக் காலத்தில் பல மாதம் படுக்கையில் இருந்தார். பார்க்க வந்த உறவினர் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "என்ன பாவம் பண்ணினாளோ" என்று என்னிடம் சொன்னார். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஒன்றும் பேசவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். போர்வையின் ஓரத்தை விரல்கள் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தன.

அன்று இரவு வழக்கம்போல் தேவாரம் படித்தேன். அப்பர் சூலை என்னும் கொடிய வயிற்று நோயால் துடித்தபோது திருவதிகையில் பாடிய முதல் பதிகம். 'கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நானறியேன்' என்று தொடங்குகிறது. எமனைப் போல் வந்திருக்கும் இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீரே, கொடுமைகள் செய்ததாக எனக்குத் தெரியவில்லையே என்று நேருக்கு நேர் கேட்கிறார். குடலை முறுக்கி முடக்குகிறது, 'ஆற்றேன் அடியேன்' என்கிறார். என்னால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் அம்மா கண்ணைத் திறந்து, "அதை இன்னொரு தடவை படி" என்றார். மறுபடி படித்தேன். 'நானறியேன்' வந்தபோது அவர் உதடும் அசைந்தது.

சிவபெருமானே சூலையைக் கொடுத்து அப்பரை ஆட்கொண்டார் என்றுதான் பெரிய புராணம் சொல்கிறது. அப்படியானால் சோதனை என்று சொல்வது சரிதானே என்று கேட்கலாம். ஆனால் வலியில் துடித்துக்கொண்டு இரவில் வந்த தம்பியிடம் அக்கா திலகவதியார் பாவக் கணக்குச் சொல்லவில்லை, இது சோதனை, பொறுத்துக்கொள் என்றும் உட்கார்த்தி வைக்கவில்லை. திருநீறு கொடுத்தார், கூடவே கோயிலுக்கு அழைத்துப் போனார். அவ்வளவுதான்.

குந்தியையும் நினைத்துப் பாருங்கள். பாகவதத்தில், போரெல்லாம் முடிந்து கண்ணன் துவாரகைக்குக் கிளம்பும்போது, எங்களுக்குத் துன்பங்கள் வந்துகொண்டே இருக்கட்டும், அப்போதுதான் உன் தரிசனம் கிடைக்கும் என்று வேண்டுகிறாள். துன்பத்தின் பெருமைக்கு இதைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் அதைச் சொன்னது யார்? அரக்கு மாளிகையையும் வனவாசத்தையும் பேரப்பிள்ளைகளின் சாவையும் பார்த்தவள். பட்டவள் அவள், அதனால் அவள் சொல்லலாம். அவள் வாயிலிருந்து வரும்போது அது பிரார்த்தனை. பார்க்க வந்தவர் உங்கள் கணவரின் கட்டிலருகே நின்று அதையே சொன்னால், அது வந்தவர் தன்னுடைய அசௌகரியத்தை மூடிக்கொள்ளும் பேச்சு. உங்கள் துன்பத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று ஒருநாள் உங்களுக்கே தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். இரண்டிலும் உங்கள் பக்திக்குக் குறைவில்லை. அதுவரை 'ஆற்றேன்' என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லைத்தான் ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கும் மேலாகக் கோயிலில் ஓதி வருகிறோம்.

துன்பத்தில்தான் கடவுள் கிட்டே வருகிறாரா என்று கேட்டீர்கள். துன்பத்தில் நாம் அவரைத் தேடி ஓடுகிறோம், அது உண்மை. கண்ணனும் தன்னைத் தேடி வரும் நான்கு வகைப் பக்தர்களைச் சொல்லும்போது, துயரப்படுகிறவனை முதலில் வைக்கிறார். நால்வருமே நல்லவர்கள் என்றும் சொல்கிறார். ஆனால் ஓடிப் போய்ச் சேரும் இடம் துன்பம் இல்லையே.

தைத்திரீய உபநிடதத்தில் பிருகு என்ற மகன், பிரம்மம் எது என்று சொல்லிக்கொடுங்கள் என்று அப்பா வருணனிடம் கேட்கிறான். தவம் செய்து நீயே தெரிந்துகொள் என்கிறார் அப்பா. அன்னம்தான் பிரம்மம் என்று கண்டுகொண்டு வருகிறான். மறுபடி தவம் செய் என்கிறார். பிராணன், மனம், அறிவு என்று ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் ஆனந்தமே பிரம்மம் என்று காண்கிறான். அதிலிருந்தே உயிர்கள் பிறக்கின்றன, அதிலேயே வாழ்கின்றன, அதிலேயே போய்ச் சேர்கின்றன. அடுத்து வருவதைக் கேளுங்கள். அவ்வளவு உயரத்துக்குப் போன உபநிடதம், உடனே 'அன்னத்தை இகழாதே, அதுவே விரதம்' என்கிறது. நீங்கள் விரதம் இருக்கத்தான் வேண்டுமென்றால், இந்த விரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிருக்கெல்லாம் அடித்தளமாக இருப்பது ஆனந்தம் என்றால், பேத்தியின் குறும்புக்கு நீங்கள் சிரித்த அந்த அரை நிமிடம் அதன் ஒரு துளி. அந்த நேரத்தில் நீங்கள் யாரையும் விட்டு விலகிப் போகவில்லை.

சுகத்தையும் துக்கத்தையும் சமமாகப் பார்க்க வேண்டாமா என்று கேட்பவர்களும் வருவார்கள். குளிரும் வெயிலும் போல இரண்டும் வரும், போகும், பொறுத்துக்கொள் என்றுதான் கீதை சொல்கிறது. குளிரில் நடுங்காதே என்று சொல்லவில்லை. வந்த சிரிப்பை வெட்கப்பட்டு விரட்டுவது சமநிலை ஆகாது. துக்கத்துக்கு மட்டும் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு சுகத்தைச் சாத்தினால், அது எப்படிச் சமம்?

அதனால் மகள் வீட்டுக்குப் போய்வாருங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றெல்லாம் கொழுந்தனாருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாளே அவரை வரச் சொல்லி, நீங்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒன்று கேட்க வேண்டும். பேத்தி செய்த குறும்பைக் கணவரிடம் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அவருக்குப் பேச்சு தெளிவாக வராது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் அவள் பேத்திதானே. அந்தச் சிரிப்பை அடுத்த அறையிலிருந்து கேட்டவர், எதற்காக என்று தெரிந்துகொள்ள ஒரு வாரமாகக் காத்துக்கொண்டிருக்கலாம். இன்றைக்குச் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லுங்கள்.