பத்து வயதுப் பையனுக்கு முதலில் எந்தத் தாள வாத்தியம் வாங்கலாம்?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பதாகவும் பையனுக்கு 10 வயது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மிருதங்கம், தபேலா, கஞ்சிரா, ஜெம்பே நான்கையும் அடுக்கிவிட்டு எது சுலபம், எது மலிவு, ஆன்லைனில் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. தோல் போனால் கட்டித் தருகிறவர் யார், அவரிடம் போக எத்தனை பஸ் மாற வேண்டும்?

தோல் வாத்தியம் அடிக்க அடிக்கத் தேயும். வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தலையில், நடுவே கறுப்பாக இருக்கும் கரணை உதிரும், அதைச் சுற்றியுள்ள மீட்டுத் தோல் தளரும், தலைகளை இழுத்துக் கட்டிய தோல் வார் இழுபடும். கட்டித் தர ஆள் இல்லாத ஊரில் எவ்வளவு உயர்ந்த மிருதங்கமும் ஒரு வருடத்தில் பரணுக்குப் போய்விடும். சத்தம் நன்றாக இருக்கிறது என்று வீடியோ பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இந்தக் கணக்கில் உங்களுக்கு அதிர்ஷ்டம். உங்கள் சித்தூர் தாலுக்காவுக்குள்ளேயே பெருவெம்பு இருக்கிறது. மத்தளம், செண்டை, இடக்கை, மிருதங்கம் என்று தோல் கட்டுவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஊர். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. அதனால் உங்கள் பையனுக்கு மிருதங்கம் என்று தயங்காமல் சொல்வேன். இதே கேள்வியைக் கட்டுகிறவர் கிடைக்காத ஊரிலிருந்து ஒருவர் கேட்டால், நட்டு போல்ட் மிருதங்கம் வாங்குங்கள் என்பேன். வாருக்குப் பதில் இரும்புக் கொக்கி. ஸ்பேனர் வைத்து வீட்டிலேயே சுருதியை ஏற்றி இறக்கலாம், தோலும் பின்னலும் சேர்ந்த தலையான மூட்டு தேய்ந்தால் அதையும் மாற்றிக்கொள்ளலாம். நாதம் கொஞ்சம் குறைவு என்று வித்வான்கள் முகம் சுளிப்பார்கள். சுருதி சேராத வார் மிருதங்கத்தை அடிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

மற்ற மூன்றையும் சட்டென்று முடித்துவிடுகிறேன். தபேலாக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அது அருமையான வாத்தியம்தான். ஆனால் பாடமுறை வேறு, சொற்கட்டு வேறு. சொல்லித்தர ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஜெம்பே ஆப்பிரிக்கக் கைமேளம், நண்பர்களோடு உட்கார்ந்து பாடத் தாராளமாகப் போதும். அதில் பிடித்த கைப்பழக்கம் மிருதங்கத்துக்கு அப்படியே வராது. கஞ்சிராவை மிருதங்கப் பாடம் ஓரளவு கைக்கு வந்தபின் எடுப்பதுதான் வழக்கம். இன்னொன்று: "அசல் உடும்புத் தோல்" என்று யாராவது பெருமையாகக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா கிடைக்கிறது.

இனி மிருதங்கம். 24 அங்குல நீளம் கீழ்ச் சுருதிக்கு, அதாவது ஆண் குரலுக்கு ஏற்ற ஒன்று முதல் இரண்டரைக் கட்டை வரை (இங்கே கட்டை என்பது சுருதியின் அளவு). 22 அங்குலம் மேல் சுருதிக்கு, நாலு நாலரைக் கட்டைக்கு மேல். 10 வயதுப் பையனுக்கு 22 அல்லது அதைவிடச் சிறியது. "வளர்ற பையன், பெரிசாவே வாங்கிடலாம்" என்று சட்டைக்குச் சொல்வதை இங்கே சொல்லக் கூடாது. கடையிலேயே சம்மணம் போட்டு உட்கார வையுங்கள். வலது பாதத்தின் மேல் வாத்தியம் அமர வேண்டும். இரண்டு கையையும் இரண்டு தலையில் வைத்தால் தோள் இயல்பாகத் தொங்க வேண்டும். தோள் தூக்கிக்கொண்டால் அளவு பெரிது. அப்படியே பழகினால் ஆறு மாதத்தில் கழுத்து வலி, பிறகு கிளாஸுக்கு மட்டம். இடக்கைப் பையன் என்றால் தனி மிருதங்கம் வேண்டாம், திருப்பிப் போட்டால் போதும். மேடையில் மட்டும் பாடகருக்கு மறுபக்கம் உட்காருவான்.

மிருதங்கத்தின் மரக்கூட்டையும் கட்டை என்பார்கள், அது பலா மரமாக இருக்க வேண்டும். புதிதாகக் கடைந்த பலா மஞ்சளாக இருக்கும், நாளாக ஆகப் பழுப்பேறும். அடர்ந்த பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருப்பதைச் சந்தேகப்படுங்கள். வேறு மரத்தை மறைக்கவும், விரிசலில் மரத்தூளும் பசையும் அடைத்ததை மறைக்கவும் அதுதான் வசதி. கட்டுகிறவரிடமே நேரில் வாங்கினால் மூட்டு ஏற்றுவதற்கு முன் வெறும் கட்டையைக் காட்டச் சொல்லலாம். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நரம்போட்டத்தோடு நீளவாக்கில் ஓடும் விரிசல் இருந்தால் வேண்டாம். ஆன்லைனில் இதில் எதையும் பார்க்க முடியாது. வேண்டாம் என்பதற்கு என் காரணம் அவ்வளவுதான்.

மூட்டைச் சோதிப்பதற்கு வித்வானாக இருக்க வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். வலந்தலையின் விளிம்புப் பின்னலைச் சுற்றி, வார் கோத்த 16 கண் இருக்கும். மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் லேசாக வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் மீட்டில் "நம்" என்று தட்டுங்கள். வாத்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி ஒவ்வொரு கண்ணுக்கு நேராகவும் தட்டிப் பாருங்கள். 16 இடத்திலும் ஒரே சுருதி கேட்க வேண்டும். ஓரிரு இடம் இறங்கியிருந்தால் அங்கேயே சரி செய்யச் சொல்லுங்கள். சுருதி சேர்க்கும் கல்லையும் சிறு மரக்கட்டையையும் எடுத்து இரண்டு நிமிடத்தில் சேர்த்துவிட்டால் நல்ல மூட்டு. ஒரு பக்கம் ஏற்ற ஏற்ற இன்னொரு பக்கம் இறங்கிக்கொண்டே போனால் தோல் ஒரே கனமாக இல்லை என்று அர்த்தம்.

கரணையில் மயிரிழைபோல் வெடிப்பு தெரிந்தால் பயப்படாதீர்கள். கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் பிசைந்து பூச்சு பூச்சாகத் தேய்த்து ஏற்றுவது அது, வெடிப்பு இருக்கத்தான் செய்யும். தட்டும்போது "ஙிர்ர்" என்று வண்டு மாதிரி இரைந்தால் கரணை எங்கோ தோலை விட்டு எழும்பியிருக்கிறது. அதை வாங்காதீர்கள். குச்சியா கப்பியா என்று கட்டுகிறவர் கேட்பார். மீட்டுக்கும் உள்தோலுக்கும் இடையில் ஈர்க்குத் துண்டு செருகுவது குச்சி, கல் குருணை போடுவது கப்பி. பையனின் வாத்தியார் எதைச் சொல்கிறாரோ அது. இதற்காக நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தலைக்கு, ரவை போடுவதை முதல் நாளே அம்மாவோ அப்பாவோ கற்றுக்கொள்ளுங்கள், பையனை நம்பினால் தரையெல்லாம் ரவை. இரண்டு மேசைக்கரண்டி ரவையை வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பிசைந்து பத்து நிமிடம் ஊற விடுங்கள். மறுபடி பிசைந்தால் ஒட்டும் பதம் வரும். தொப்பியின் நடுவை ஈரத்துணியால் துடைத்து, சுமார் மூன்று அங்குல வட்டமாக அப்புங்கள். நடு தடிப்பு, ஓரம் மெலிவு. "தொம்" ஆழமாக வந்து வலந்தலைக்குக் கீழ் ஸ்தாயியில் சேர வேண்டும். சேராமல் மேலே நின்றால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். அதிகமானால் மெத்தையைத் தட்டுவதுபோல் மொத்தையாகக் கேட்கும், கிள்ளி எடுங்கள். அடித்து முடித்ததும் வழித்து எடுத்துத் துடைத்துவிட வேண்டும். விட்டால் ரவை காய்ந்து தோலைப் பிடித்து இழுக்கும், ராத்திரி எலி வரும். எலி ரவையோடு நிறுத்தாது.

நம் பக்கத்துப் பருவம் தோலுக்குப் பெரிய சோதனை. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் ஈரம் ஏறித் தோல் தளரும், சுருதி இறங்கும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட கிழக்குக் காற்று அடிக்கும்போது தோல் இறுகிச் சுருதி தானாக ஏறும், போட்ட ரவையும் அரை மணியில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் சுருதி ஏறவில்லை என்று வெயிலில் வைக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் கூடாது. பின்னலின் மேல் கட்டையை வைத்துக் கல்லால் கீழ்நோக்கித் தட்டினால் ஏறும், அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். ஒரு கண், அடுத்து அதற்கு நேர் எதிர்க் கண் என்று போக வேண்டும். வரிசையாகச் சுற்றி வந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கல் கை தவறிக் கரணையில் விழுந்தால் அந்த மூட்டின் கதை முடிந்தது. வாரை இழுப்பதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். ஒரே வார்தான் இரண்டு தலைக்கும் ஓடுகிறது. வலந்தலைக்காக இழுத்தால் தொப்பியும் ஏறிக்கொள்ளும்.

உறை பஞ்சு வைத்த துணி உறையாக இருக்கட்டும். மழைக்குப் பிளாஸ்டிக் சுற்றினால் வீடு வந்ததும் உடனே கழற்றுங்கள், உள்ளே வேர்க்கும். பஸ்ஸில் கொண்டுபோவதைப் பற்றியும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மடியில் வைத்திருக்கும் மிருதங்கத்துக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்கும் கண்டக்டர்கள், காலடியில் கிடக்கும் கோழிக்கூடையைக் கண்டுகொள்வதே இல்லை. வாதாடினால் மேலே கேரியரில் போடு என்பார்கள். டிக்கெட்டை வாங்கிவிடுங்கள், கேரியரில் மட்டும் போடாதீர்கள்.

பாலக்காடு என்றாலே மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) ஞாபகம் வந்து, ஊர்க் காற்றிலேயே மிருதங்கம் வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி வராது; முதல் மாதம் த, தி, தொம், நம் நான்கு சொல்தான். தினம் இருபது நிமிடம் போதும். விரல் சிவந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

கடைசியாக விலை. உறை, கல், கட்டை இதெல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். புது மூட்டு முதல் சில வாரம் அடிக்க அடிக்க இறங்கிக்கொண்டே இருக்கும், அது குறை இல்லை. ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கொண்டுபோய் ஒருமுறை வார் இழுத்து வாங்க வேண்டும். அந்த ஒரு இழுப்பும் விலைக்குள் அடங்குமா என்று பேசும்போதே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் அதற்குத் தனிக் கூலி.