விசைத்தறி ஊர்: நகராட்சி முதலில் எதைச் செய்யலாம்?

விசைத்தறிகள் நின்றுபோன உங்கள் ஊரில், மாற்றுத் தொழிலுக்காக நகராட்சிப் பணத்தில் புதுத் தொழிற்கூடம் கட்டுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். தறிகள் நின்றதற்குக் கட்டடம் காரணமாக இருக்காது. பல்லடம், சோமனூர் பக்கம் பெரும்பாலும் ஜவுளி உற்பத்தியாளர் தரும் பாவு நூலை (துணியின் நீளவாக்கு நூல்) தறிக்காரர்கள் நெய்து மீட்டருக்குக் கூலி வாங்குகிறார்கள். கூலி கட்டுப்படியாகாவிட்டால் தறியை நிறுத்திவிடுவார்கள். உங்கள் ஊரிலும் அதுவாகத்தான் இருக்கும்.

வார்டு வார்டாக ஒரு நடை போய், பூட்டிய தறிக்கூடங்களின் ஜன்னல் வழியே பாருங்கள். பாவு மாட்டியபடியே தூசி படிந்திருந்தால் கூலிப் பிரச்சினை. உற்பத்தியாளர், தறிக்காரர் இரு தரப்பையும் பேச வைக்க ஆட்சியரிடம் போங்கள். வெறும் தரையில் போல்ட் குழிகள் மட்டும் தெரிந்தால், தறி பழைய இரும்பாக எடைக்குப் போய்விட்டது. மாற்றுத் தொழில் யோசனை அந்தத் தெருக்களுக்குத்தான். அப்புறம் மாவட்டத் தொழில் மையத்தைக் கேளுங்கள்.

தொழில்வரிப் பதிவேட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வீட்டோடு ஒட்டிய நாலு தறிக்காரர் பலர் அதில் ஏறியே இருக்க மாட்டார்கள்.