ஊசியைக் கண்டால் மயக்கம்: இதயத்தை விடுங்கள், சர்க்கரையைப் பாருங்கள்

கேள்வி: வயது 43. ஊர் குடியாத்தம், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஊசியையோ ரத்தத்தையோ பார்த்தால் வியர்த்து, கண் இருட்டி விழுந்துவிடுகிறேன். அப்பாவும் அப்படித்தான். இசிஜி, எக்கோ நார்மல். ஆனாலும் இதயம் நின்றுவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து பயம். ராத்திரி நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறேன், நாக்கு வறள்கிறது, இளைத்துவிட்டேன். பயத்தினாலா? நண்பர் சொல்லி அல்பிரசோலாம் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரை போடுகிறேன். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் போக முடியவில்லை.

பதில்: உங்கள் இதயம் நின்றுவிடாது. இசிஜி, எக்கோ இரண்டும் சரி, ஊசியைப் பார்க்கும்போது மட்டும்தான் விழுகிறீர்கள். அந்தப் பேச்சை இதோடு விடுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ராத்திரி திரும்பத் திரும்பச் சிறுநீர், தாகம், எடை குறைவது மூன்றும் சேர்ந்தால் முதலில் சர்க்கரை நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். பயத்தின் கணக்கில் எழுதி ஒதுக்காதீர்கள். பயம் குறையட்டும், பிறகு பார்க்கலாம் என்றும் இருக்காதீர்கள். இந்த வாரமே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். குளுக்கோமீட்டர் போதும், படுத்துக்கொண்டே எடுக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் உங்கள் தெருவுக்கு வந்தால் அவரிடமே கேளுங்கள். 200-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், அசதியான தூக்கக் கலக்கம் வந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இனி பயத்துக்கு வருகிறேன். பாம்பு, உயரம், லிஃப்ட் என்று பயப்படுகிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். மயங்கி விழுவது அபூர்வம். ரத்தம், ஊசி பயத்தில் அழுத்தம் முதலில் ஏறி, சட்டென்று இறங்கிவிடும். மூளைக்கு ரத்தம் குறைவதால் மயக்கம். இது குடும்பத்தில் ஓடும், அப்பாவுக்கும் இருப்பதில் வியப்பில்லை. கோழைத்தனமும் இல்லை.

அதனால்தான் யூடியூபில் சொல்லும் 'மூச்சை இழுத்து உடம்பைத் தளர்த்துங்கள்' உங்களுக்கு ஆகாது. தளர்த்தினால் அழுத்தம் இன்னும் இறங்கும். நீங்கள் இறுக்க வேண்டும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் 1980-களில் வகுத்த முறை இது. உட்கார்ந்து கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்குங்கள். முகம் சூடாவது தெரியும். பிறகு விடுங்கள், ஆனால் துவண்டுவிடாதீர்கள். அரை நிமிடம் கழித்து மறுபடி. ஒரு வேளைக்கு ஐந்து முறை, தினமும் சில வேளை. ரத்தம் எடுக்கும்போது அந்தக் கையை மட்டும் தளர்வாக விட்டு மற்றதை இறுக்க வேண்டும்.

இதோடு படிப்படியாகப் பயத்தைச் சந்திக்கும் சிகிச்சையும் வேண்டும். முதலில் ஊசியின் படம், பிறகு கையில் வெறும் சிரிஞ்சு, பிறகு லேபில் உட்கார்ந்து மற்றவருக்கு எடுப்பதைப் பார்ப்பது, கடைசியில் உங்கள் கை. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, தானே இறங்கும்வரை இருக்க வேண்டும். ஏறும்போதே எழுந்து ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை நம்பிக்கொள்ளும். இத்தனை நாள் நடந்தது அதுதான்.

அல்பிரசோலாம் போட்டாலும் அதே கதை. மூளை எதையும் கற்றுக்கொள்ளாது, மாத்திரைக்கு அடிமையாவதுதான் மிச்சம். மருத்துவர் எழுதாமல் மெடிக்கலில் இதைக் கொடுத்ததே தவறு. தினமும் போட்டிருந்தால் திடீரென நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலோ கேளுங்கள். மனநலப் பிரிவா என்று தயங்க வேண்டாம், அவர்கள் தினமும் பார்க்கும் தொல்லைதான். முதலில் பேசிப் பார்க்க வேண்டுமானால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம்.

லேபில் நுழைந்ததும் 'எனக்கு மயக்கம் வரும், படுக்க வைத்து எடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். எடுத்த பிறகும் சற்று நேரம் படுத்திருங்கள். அன்று பைக்கை வீட்டில் விட்டுவிட்டு, யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.