பெர்லினுக்கு மிருதங்கம் எடுத்து வரலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை மறுபடி சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் முதுகலைப் படிப்புக்காகத் திருச்சியிலிருந்து பெர்லின் வருகிறீர்கள். பாட்டும் படமும் இல்லாமல் ஒரு வாரம்கூட உங்களால் இருக்க முடியாது. அங்கே ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் அக்கா, நம் படங்கள் திரையரங்குக்கு வருமா, மிருதங்கத்தை எடுத்து வந்து அறையில் வாசித்தால் பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியின் எடைக் கணக்கு இருப்பதால் மிருதங்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

எடுத்து வாருங்கள். வீட்டில் வாத்தியம் வாசிப்பது இங்கே சாதாரண வாழ்க்கையின் ஒரு பகுதி என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் டிரம்பெட் கலைஞர் ஒருவர் குடியிருந்தார். பக்கத்து வீட்டார் வழக்குப் போட்டார்கள். அது கார்ல்ஸ்ரூவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் வரைக்கும் போனது. 2018 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: முழுத் தடை கூடாது, வேலை நாட்களில் இரண்டு மூன்று மணி நேரம், ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் ஒன்றிரண்டு மணி நேரம் என்பதைத் தோராயமான அளவாகக் கொள்ளலாம். டிரம்பெட்டுக்கே இவ்வளவு கிடைத்திருக்கிறது. ஆனால் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை மூச்சு விடக்கூடாது. வீட்டு விதிகள் என்று வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு தாள் தருவார்கள். அதில் மதிய ஓய்வு நேரமும் குறித்திருக்கலாம், படித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே தனி ரகம். கடைகள் மூடிக் கிடக்கும், சுவரில் துளை போடக்கூடாது. அன்று ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது.

உண்மையில் சட்டத்தைவிட அண்டை வீட்டார்தான் முக்கியம். குடியேறிய வாரமே மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு மூன்றிலும் கதவைத் தட்டி, நான் இன்னார், இந்த வாத்தியம் வாசிக்கிறேன், எந்த நேரம் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது என்று கேட்டுவிடுங்கள். கேட்டவனுக்கு இங்கே மரியாதை அதிகம். சில மாணவர் விடுதிகளின் நிலவறையில் இசைப் பயிற்சிக்கென்றே ஓர் அறை இருக்கும். அதையும் விண்ணப்பிக்கும்போதே விசாரியுங்கள். இன்னொன்று, குளிர்காலத்தில் சூடேற்றி ஓடும் அறையில் காற்று வறண்டுவிடும். வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், இறுகிச் சுருதி ஏறும், அதன் நடுவிலுள்ள கறுப்புப் பூச்சான கரணையில் வெடிப்பு விழலாம். சூடேற்றிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வாசிக்காத நேரத்தில் உறைக்குள்ளேயே இருக்கட்டும். தோல் மூட்டுப் பிடிக்கத் தெரிந்தவர் இந்த ஊரில் எளிதில் அகப்பட மாட்டார், ஆகவே சுருதி சேர்க்கும் கல்லும் கட்டையும் பெட்டியில் இருக்கட்டும். தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தோலில் பூச, ரவை வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள், எந்தத் துருக்கிக் கடையிலும் கிடைக்கும்.

அடுத்தது, நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் புதிதாக வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் இதில்தான் அடிபடுகிறார்கள். டோரன்டில் படம் இறக்காதீர்கள். ஒரே ஒரு படம்கூட வேண்டாம். ஊரில் அது ஒரு விஷயமே இல்லை என்று நினைத்துப் பழகியிருப்போம். இங்கே உரிமையாளர்களுக்காக வேலை செய்யும் வழக்கறிஞர் அலுவலகங்கள், எந்த இணைய முகவரியிலிருந்து படம் பகிரப்பட்டது என்பதைக் கண்காணித்துக்கொண்டே இருக்கின்றன. டோரன்டில் நீங்கள் இறக்கும்போதே அடுத்தவருக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கிறீர்கள். குற்றமாகப் பிடிக்கப்படுவது அந்த ஏற்றம்தான். சில வாரம் கழித்து, அப்மானுங் என்று இங்கே சொல்லும் எச்சரிக்கைக் கடிதம் வரும். பல நூறு யூரோ கேட்பார்கள், ஆயிரத்தை ஒட்டியும் போகும். அதோடு, இனி செய்ய மாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் படிவம் ஒன்றும் இருக்கும்.

கூட்டாக வீடெடுத்துத் தங்கும் இடத்தில் இது இன்னும் மோசம். கடிதம், இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே வரும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், புதிதாக வந்த மாணவர் வெள்ளிக்கிழமை இரவு இறக்கிய படத்துக்காக, அதைப் பார்க்கவே பார்க்காத ஜெர்மன் பெண்ணுக்குக் கடிதம் வந்தது. பணம் கொடுத்துத் தீர்த்தார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் அவரால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அப்படி ஒரு கடிதம் வந்தால் கிழித்துப் போடாதீர்கள், வந்த படிவத்தில் அப்படியே கையெழுத்தும் போடாதீர்கள். கெடு முடிவதற்குள் நுகர்வோர் ஆலோசனை மையத்துக்கோ உங்கள் மாணவர் சங்கத்தின் சட்ட உதவிக்கோ போங்கள். திருட்டுத் தளத்தில் இறக்காமல் ஓடவிட்டு மட்டும் பார்த்தால் பரவாயில்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2017இல் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தபின் அதுவும் பாதுகாப்பான வழி அல்ல.

இன்னொரு கடிதமும் வரும், அது எல்லா வீட்டுக்கும் வருவது. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று அல்ல. என்னிடம் தொலைக்காட்சியே இல்லை என்ற வாதம் செல்லாது. எப்படியும் கட்டப்போகிறோம், ஆகவே பயன்படுத்துங்கள்: பொது ஒளிபரப்பு நிலையங்களின் இணையக் களஞ்சியத்தில் படங்களும், ஆர்ட்டே நிலையத்தின் தளத்தில் ஜாஸ் முதல் ஆப்பரா வரை முழுக் கச்சேரிகளும் கிடைக்கும். நீங்கள் நல்ல காலத்தில் வருகிறீர்கள். நான் வந்த 2012இல் யூடியூபில் எந்தப் பாட்டைத் தொட்டாலும், உங்கள் நாட்டில் பார்க்க இயலாது என்று ஒரு சோக முகம் வந்து நிற்கும். இசை உரிமைச் சங்கமான கேமாவுக்கும் யூடியூபுக்கும் ஏழாண்டுச் சண்டை. 2016 நவம்பர் முதல் தேதிதான் சமாதானம் ஆனார்கள்.

இனி திரையரங்கு. நம் படங்கள் வரும். பெரிய நட்சத்திரங்களின் படம் என்றால் ஊரில் வெளியாகும் அன்றோ அதற்கு முந்தின நாள் மாலையோ இங்கும் ஓடும். ஆனால் ஓரிரு அரங்கு, சில காட்சி, அவ்வளவுதான். அடுத்த வாரம் போகலாம் என்று விட்டால் படம் போயிருக்கும். சின்னப் படங்கள் அரிது. ஜெர்மனியில் நீளமான படத்துக்குத் தனிக் கூடுதல் கட்டணம் உண்டு, மூன்று மணி நேரம் ஓடும் நம் படங்கள் அதில் தப்புவதே இல்லை. இடைவேளை என்று திரையில் எழுத்து விழும், விழுந்த வேகத்தில் படம் தொடர்ந்து ஓடும். தண்ணீர் குடிக்க எழுந்தவர் எழுந்ததுதான். கேட்காமல் வாங்கினால் பாப்கார்ன் இனிப்பாக இருக்கும், உப்பு வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். விசில் அடிக்கலாமா என்றால், நம் படத்துக்கு நம் கூட்டம் வந்த காட்சியில் அடிக்கலாம், அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். வேறு எங்கும் வேண்டாம்.

மற்ற நாட்டுப் படங்களைப் பெரும்பாலும் ஜெர்மனில் பேசவைத்தே ஓட்டுவார்கள். டிக்கெட் எடுக்கும்போது ஓ.வி. என்று போட்டிருந்தால் மூலமொழி, ஓ.எம்.யூ. என்றால் மூலமொழியோடு ஜெர்மன் வசனவரி. முதல் வருடம் ஆங்கிலப் படங்களை ஓ.எம்.யூ.வில் பாருங்கள், மொழி வகுப்பில் வராத ஜெர்மன் அதில் வரும். புதுப் படங்கள் வியாழக்கிழமை வெளியாகும். வாரத் தொடக்கத்தில் ஒரு நாள் பல அரங்குகளில் டிக்கெட் மலிவு.

நான் போகச் சொல்வது ரோசா லக்ஸம்பர்க் சதுக்கத்திலுள்ள பேபிலோன் அரங்குக்கு. 1929இல் கட்டியது, அப்போது வைத்த ஆர்கன் வாத்தியம் இன்றும் அதே இடத்தில் வேலை செய்கிறது. பேசாப் படம் ஓடும், ஒருவர் உட்கார்ந்து படத்தைப் பார்த்துப் பார்த்து வாசிப்பார். பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பழகியவர் நீங்கள். அந்த வாசிப்பில் எங்கே அடக்கிக்கொள்கிறார், எங்கே முந்துகிறார் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். கோடையில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன், ஹாசன்ஹைட பூங்காக்களில் திறந்தவெளித் திரை. ஜூன் மாதம் ஒன்பதரை மணிக்குத்தான் பொழுது சாயும், அதன் பிறகே படம். ஆகஸ்ட் என்றாலும் போர்வை கொண்டு போங்கள்.

பிப்ரவரியில் பெர்லினாலே. 1951இல் தொடங்கிய இந்தத் திரைவிழாவில் பொதுமக்களுக்கு நிறையவே டிக்கெட் உண்டு. காட்சிக்கு மூன்று நாள் முன்பு இணையத்தில் விற்பனை திறக்கும், நல்ல படங்கள் நிமிடங்களில் போய்விடும், நேரத்துக்குக் கணினி முன் உட்கார வேண்டும். 2024இல் பி.எஸ். வினோத்ராஜின் கொட்டுக்காளி இங்கே ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டது. பின்னணி இசையே இல்லாத தமிழ்ப் படம். நம் ஊர்ச் சாலையின் சத்தத்தை மட்டும் ஓர் அரங்கு நிறைய ஜெர்மானியர்கள் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கச்சேரிக்கு வருகிறேன். பெர்லின் பில்ஹார்மோனி அரங்கு பணக்காரர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு போகும் இடம் என்று நினைக்காதீர்கள். புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு அதன் முன்கூடத்தில் இலவசக் கச்சேரி, கோடை விடுமுறை நீங்கலாக. முக்கால் மணி நேரம். படிக்கட்டிலும் தரையிலும் உட்கார்ந்து கேட்பார்கள், பிள்ளை குட்டியோடு வருவார்கள். அரை மணி முன்னால் போனால்தான் உட்கார இடம். மாலைக் கச்சேரிக்குப் போவதாக இருந்தால் போடியம் இருக்கையைத் தேடுங்கள். 1963இல் திறந்த இந்த அரங்கை ஹன்ஸ் ஷரூன் என்ற கட்டடக் கலைஞர், வாத்தியக்காரர்களைச் சுற்றி ரசிகர்கள் உட்காரும்படி அமைத்தார். அதனால் இசைக்குழுவின் முதுகுப் பக்கத்திலும் இருக்கைகள் உண்டு. முதுகு சாய வசதி இல்லை, ஒலி கொஞ்சம் தலைகீழாகக் கேட்கும், விலை குறைவு. நடத்துனரின் முகம் முழுக்கத் தெரியும். தாளவாத்தியங்கள் உங்கள் காலடியில். டிம்பனி என்ற பெரிய முரசை வாசிப்பவர் அதன் தோலில் காதை வைத்து மெல்லத் தட்டிச் சுருதி பார்ப்பதை ஒரு மிருதங்கக்காரர் அங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு சிரமம் இருக்கிறது, அதை நான் இன்றுவரை முழுதாக ஏற்கவில்லை. தாளம் போடக்கூடாது. தொடையில் விரல் அசைந்தாலே பக்கத்தில் இருப்பவர் திரும்புவார். ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டக்கூடாது, முழுப் படைப்பும் முடிந்து நடத்துனரின் கை கீழே இறங்கும்வரை பொறுக்க வேண்டும். பகுதிகளுக்கு நடுவில் எல்லாரும் சேர்ந்து இருமித் தீர்த்துக்கொள்வார்கள். நல்ல இடத்தில் ஆகா சொல்ல முடியாத கச்சேரி என்ன கச்சேரி என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்த அமைதியில் இருபது வயலின்கள் ஒரே நேரத்தில் மெலிந்து போவதைக் கேட்க முடிகிறது, அதையும் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் இதே குழு வால்ட்பியூனே திறந்தவெளி அரங்கில் வாசிக்கும்போது எல்லாம் மாறிவிடும். கூடையில் சாப்பாடு, கையில் மெழுகுவத்தி, கடைசியில் பெர்லின் பாட்டுக்கு மொத்தக் கூட்டமும் விசில் அடிக்கும். விசில் தடை செய்யப்பட்ட ஊர் அல்ல இது, எப்போது என்பதுதான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

மூன்று ஆப்பரா மன்றங்கள் உண்டு. மாணவர்களுக்குக் கடைசி நேர டிக்கெட் மலிவாகத் தருவார்கள், ஜீன்ஸ் போட்டுப் போகலாம். ஆப்பரா எனக்கு ஒட்டவில்லை, உங்களுக்கு ஒட்டலாம். ஜூன் 21ஆம் தேதி தெருவெல்லாம் இசை, ஒரு காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மவர்பார்க் பூங்காவில் நூற்றுக்கணக்கானவர் முன் கரோக்கி, கூச்சம் இல்லாதவர்களுக்கு.

முகவரிப் பதிவு முடிந்த அன்றே நகர நூலக அட்டை வாங்குங்கள், ஆண்டுக்குப் பத்து யூரோ. அதில் ஃபில்ம்ஃப்ரெண்ட் என்ற படத் தளத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஹல்லஷஸ் டோர் பக்கத்திலுள்ள அமெரிக்க நினைவு நூலகத்தில் இசைக்கு ஒரு பெரும் பகுதியே இருக்கிறது.

கடைசியாக, மிருதங்கத்துக்குத் துணை. தனியாக வாசித்து எத்தனை நாள் தாங்கும்? பாடுகிறவர் வேண்டும். அதற்கு நீங்கள் ஈழத்தமிழ்க் குடும்பங்களைத் தேடிப் போக வேண்டும். 1980களில் போருக்குத் தப்பியவர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். இன்று பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. திருவிழாவில் நாதசுரமும் தவிலும் ஒலிக்கும். அங்கே இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை போய் நின்றால், யார் வீட்டுப் பெண் பாடுகிறாள், எந்த மாஸ்டர் வகுப்பு எடுக்கிறார், எந்த அரங்கேற்றத்துக்கு ஒத்திகை நடக்கிறது என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். நம்மைப் போல் பின்னால் வந்த கணினிக்காரர்களிடம் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஆனால் சுருதிப் பெட்டி ஈழத்தமிழர் வீட்டில்தான் இருக்கிறது. வணக்கம் சொல்லிப் பேசுங்கள், உங்கள் குருவின் பெயரைச் சொல்லுங்கள், எந்தச் சுருதிக்கு மிருதங்கம் வைத்திருக்கிறீர்கள் என்று அவர்களே கேட்பார்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள் பாடுவதால், ஒன்றுதான் எடுத்துவர முடியும் என்றால் ஐந்து ஐந்தரைக் கட்டைச் சுருதிக்கு ஒத்துவரும் சின்ன மிருதங்கத்தை எடுத்து வாருங்கள்.