வாக்கர் கோப்பை: கேட்டவற்றுக்குப் பதில்

கிளப் போட்டிகளில் பல வருடமாக விதிகள் பார்க்கிற ஆள் நான். வாக்கர் கோப்பை என்கிற கோல்ஃப் அணிப் போட்டி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு நீளமாக, சிலவற்றுக்கு ஒரு வரியில்.

புதுமுகம்: இது ரைடர் கோப்பையின் தம்பியா?

அண்ணன். தொழில்முறை ஆட்டக்காரர்களின் ரைடர் 1927-இல் தொடங்கியது, இது 1922-இல். ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்த அணி. பக்கத்துக்குப் பத்துப் பேர், எல்லோரும் அமெச்சூர், அதாவது தொழிலாக ஆடாதவர்கள். இரண்டு நாளும் காலையில் நான்கு ஃபோர்சம் (இருவர் சேர்ந்து ஒரே பந்தை ஆடுவது). மதியம் தனி ஆட்டம்: முதல் நாள் எட்டு, மறுநாள் பத்து. ஆட்டத்துக்கு ஒன்றாக இப்போது 26 புள்ளி (முன்பு குறைவு). பெயர் தந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர் 1920-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கத் தலைவர். பிற்பாடு ஜனாதிபதியான மூத்த புஷ்ஷுக்கு அம்மா வழித் தாத்தா.

முதல் போட்டியிலேயே ஒரு நல்ல கதை உண்டு. லண்டன் டைம்ஸுக்குச் செய்தி எழுதப் போனவர் பெர்னார்ட் டார்வின். பிரிட்டன்-அயர்லாந்து கேப்டன் ராபர்ட் ஹாரிஸ் உடம்பு முடியாமல் படுத்துவிட, பேனாவை வைத்துவிட்டு மட்டையை எடுத்தார். தனி ஆட்டத்தில் அமெரிக்கக் கேப்டன் ஃபவுன்ஸையே தோற்கடித்தார். அணி என்னவோ 8-4 என்று தோற்றது. இவர் சார்லஸ் டார்வினின் பேரன்.

கிண்டிவாசி: ஜெயித்தால் எவ்வளவு பணம்?

ஒரு காசு கிடையாது.

ஊட்டிக்காரர்: எங்கள் கிளப் ஃபோர்சம் மேட்ச்சில் என் டீ ஷாட் (ஹோலின் முதல் அடி) எல்லைக்கு வெளியே போனது. நானே இன்னொரு பந்து வைத்து அடித்தேன். அந்த ஹோல் எனக்குப் போச்சு என்கிறார் எதிராளி. நியாயமா?

நியாயம்தான். ஃபோர்சம் என்றால் இரண்டு பேருக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒற்றைப்படை ஹோல்களில் ஒருவர் டீ அடித்தால் இரட்டைப்படையில் மற்றவர். முந்தின க்ரீனில் (குழி இருக்கிற புல்தளம்) கடைசி பட் (குழியை நோக்கி உருட்டுகிற அடி) யார் போட்டார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லைக்கு வெளியே போனால் ஒரு ஸ்ட்ரோக் (ஓர் அடி) அபராதம் ஏறும், ஆனால் அபராத ஸ்ட்ரோக் வரிசையை மாற்றாது. நீங்கள் அடித்தாயிற்று, அடுத்த அடி கூட்டாளியுடையது. புரொவிஷனல் பந்தும் (முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்று முன்கூட்டியே அடிக்கிற மாற்றுப் பந்து) அப்படித்தான்.

முறை மாறி அடித்தால், ஹோல் ஹோலாக வெற்றியை எண்ணுகிற மேட்ச் ஆட்டத்தில் ஹோல் போகும். மொத்த அடிகளை எண்ணுகிற ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், அதோடு திரும்பப் போய்ச் சரியான ஆள் அடிக்க வேண்டும். திருத்தாமல் அடுத்த டீயில் அடித்துவிட்டால் தகுதி நீக்கம். கஷ்டமான அடி கூட்டாளிக்குப் போகட்டும் என்று வேண்டுமென்றே காற்றில் வீசித் தவறவிடுகிற தந்திரமும் செல்லாது. அது அடியாகவே கணக்கில் வராது.

எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை: ஃபோர்சம் வேறு, ஃபோர்பால் வேறு. ஃபோர்பாலில் ஆளுக்கொரு பந்து. கிளப் அறிவிப்புப் பலகையிலேயே இதை மாற்றி எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

டெஸ்ட் ரசிகர்: அமெரிக்கா 40 வெற்றி, பிரிட்டன்-அயர்லாந்து 9, ஒன்று சமன். இதெல்லாம் போட்டியா? 1979-இல் ரைடரில் செய்தது மாதிரி ஐரோப்பா முழுவதையும் சேர்க்க வேண்டியதுதானே?

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 1989-இல் அட்லாண்டாவின் பீச்ட்ரீயில் 12½-11½ என்று முதல் தடவையாக அமெரிக்க மண்ணில் பிரிட்டன்-அயர்லாந்து அணியினர் ஜெயித்தார்கள். அங்கிருந்து 2015 வரை 14 போட்டி. அதில் ஏழு இவர்களுக்கு, சரிபாதி. 2005, 2007 இரண்டிலும் ஒரே புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். 2007-இல் தன் சொந்த ஊர்ப்பக்கமான ராயல் கவுன்டி டவுனில் தோற்ற அணியில் ரோரி மெக்கில்ராயும் இருந்தார்.

டெஸ்ட் ரசிகர்: 2017-லிருந்து வரிசையாக ஐந்து தோல்வி. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

விடவில்லை. 2025-இல் அமெரிக்காவின் சைப்ரஸ் பாயின்ட்டில் 17-9, அது அடிதான். ஆனால் 2023-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் முதல் நாள் முடிவில் 7½-4½ என்று முன்னால் இருந்தது இவர்கள். மறுநாள் கோட்டை விட்டார்கள். சேர்க்கை வேண்டும் என்பதற்கு இது காரணமாகாது.

நடுநிலை: அயர்லாந்து தனி நாடு. அதைச் சேர்த்தபின் ஸ்பெயினை மட்டும் வெளியே நிறுத்துவது என்ன நியாயம்?

அயர்லாந்தின் கோல்ஃப் சங்கம் 1891-இல் உருவானது, நாடு பிரிவதற்கு முன்பே. இன்றும் தீவு முழுவதற்கும் ஒரே அமைப்புதான். டப்ளின்காரர் ஜோ கார் 1947 முதல் 1963 வரை ஒரு வாக்கர் கோப்பை விடாமல் ஆடினார். அவரை யாரும் விருந்தாளியாகப் பார்க்கவில்லை. ஐரோப்பியக் கண்டத்து அமெச்சூர்களுக்கு இதே பிரிட்டன்-அயர்லாந்து அணியோடு 1956 முதல் செயின்ட் ஆண்ட்ரூஸ் டிராஃபி இருக்கிறது. இவர்களை ஒன்றாக்கினால் அந்தப் போட்டி செத்துவிடும். இருவரும் இதோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மதுரைவீரன்: பரிசுத்தொகை?

மேலே பாருங்கள்.

கணக்குப்பிள்ளை: அமெச்சூர் என்றால் பணத்தையே தொடக்கூடாதா?

இது கேள்வி. 2022 ஜனவரியில் விதி மாறியது. ஹேண்டிகேப் (திறமைக்கேற்பத் தருகிற அடிச் சலுகை) இல்லாத ஸ்க்ராட்ச் போட்டியில் 1,000 டாலர், அதாவது 700 பவுண்டு வரை ரொக்கமாகவே வாங்கலாம். விளம்பர ஒப்பந்தத்துக்கும் தடை இல்லை. ஆனால் உங்கள் கிளப் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி ஹேண்டிகேப் போட்டி. அதில் கவரில் ரொக்கம் கொடுத்தால் கைநீட்டாதீர்கள்.

புலிக்குட்டி: டைகர் உட்ஸ் ஆடினாரா?

1995, வேல்ஸின் ராயல் போர்த்கால். முதல் நாள் தனி ஆட்டத்தில் கேரி வுல்ஸ்டன்ஹோமிடம் ஒரு ஹோல் வித்தியாசத்தில் தோற்றார். வுல்ஸ்டன்ஹோம் தூரம் அடிக்கிற ஆளே இல்லை, நேராக அடிக்கிறவர். மறுநாள் டைகர் பழி தீர்த்தார். ஆனால் அமெரிக்க அணி 14-10 என்று தோற்றது.

சேலம்: இந்தியா எப்போது ஆடும்?

இதில் ஆடாது. ஐசன்ஹோவர் டிராஃபியைப் பாருங்கள், அது உலக நாடுகளுக்கான அமெச்சூர் அணிப் போட்டி. 1958-இல் தொடங்கியது. இப்போது அணிக்கு மூன்று பேர், தினமும் சிறந்த இரண்டு ஸ்கோர் கணக்கு. அது ஒற்றைப்படை வருடங்களுக்கு மாறியதால்தான் வாக்கர் கோப்பை 2026 முதல் இரட்டைப்படைக்கு வருகிறது. இந்திய வம்சாவளி போதும் என்றால், அக்‌ஷய் பாட்டியா 2019-இல் 17 வயதில் அமெரிக்காவுக்கு ஆடினார்.

அண்ணாநகர்: ஜெயித்தவர்களுக்குப் பணம் உண்டா சார்?

இல்லை. இல்லை. இல்லை.

பயணி: 2026-க்கு அயர்லாந்தின் லஹிஞ்ச் போகலாமா என்று யோசிக்கிறேன். வானிலை எப்படி இருக்கும்?

அங்கே மைதானத்திலேயே ஆடுகள் திரியும். கிளப் கட்டடத்தை ஒட்டி அவை ஒதுங்கியிருந்தால் குடையோடு போங்கள்.